சூட்டில் ஸ்டார்ட் ஆகாத படகு எஞ்சின்: கார்பரேட்டருக்கு முன்னால் பிளக்கைப் பாருங்கள்

கேள்வி: குளச்சல் பக்கம் ஃபைபர் வள்ளம் வைத்திருக்கிறேன். 9.9 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின். இரண்டு சிலிண்டர், ஒரே கார்பரேட்டர், பெட்ரோலில்தான் ஓட்டுகிறேன். காலையில் சோக் இழுத்தால் இரண்டாவது இழுப்பில் எடுத்துக்கொள்ளும். கடலில் வலை போட்டுவிட்டு நிறுத்தினால்தான் தொல்லை. உடனே இழுத்தால் ஸ்டார்ட் ஆகிறது. கால் மணி, அரை மணி கழித்து இழுத்தால் கை ஓய்ந்துபோகிறது. நன்றாக ஆறிவிட்டால் மறுபடி சரி. ஐடிலில் (வேகம் கொடுக்காமல் சும்மா ஓடும்போது) குலுங்கி அணைகிறது, சோக்கைப் பாதி இழுத்துப் பிடித்தால் அணையாமல் ஓடுகிறது. வேகத்தில் குறையில்லை. கார்பரேட்டரை இரண்டு தடவை கழற்றிச் சுத்தம் செய்தாயிற்று, பிளக்கும் புதுசு. இன்னும் என்ன செய்வது?

பதில்: கார்பரேட்டரை மூன்றாவது தடவை கழற்ற வேண்டாம், இப்போதைக்கு. நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது.

எஞ்சின் ஓடும்வரை கடல்தண்ணீர் அதன் சூட்டை எடுத்துக்கொண்டே போகிறது. நிறுத்தியதும் தண்ணீர் பம்பும் நின்றுவிடும். சிலிண்டர் தலையில் மிச்சமிருக்கும் சூடு மெல்லப் பரவி கார்பரேட்டருக்கு வருகிறது. எஞ்சின் மூடிக்குள் காற்றோட்டமும் கிடையாது. அதனால் ஓடும்போது இருந்ததைவிட நிறுத்திய பத்து, இருபது நிமிடத்தில்தான் கார்பரேட்டர் அதிகம் சூடாகும். பெட்ரோலில் உள்ள லேசான பகுதிகள் 40 டிகிரி வாக்கிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். போதாததற்கு இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தனியாகக் கொதிப்பது 78 டிகிரியில்தான் என்றாலும், பெட்ரோலோடு சேரும்போது சில பகுதிகளை இன்னும் குறைந்த சூட்டிலேயே ஆவியாக்கிவிடும். உடனே இழுத்தால் எடுக்கிறது, அரை மணியில் மறுக்கிறது, ஆறினால் சரியாகிறது என்றால் கார்பரேட்டருக்கு ஏறும் இந்தச் சூட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், இந்தச் சூடு இரண்டு நேர் எதிரான கோளாறுகளைச் செய்யும். கார்பரேட்டரில் பெட்ரோல் தேங்கும் மிதவை அறையில் கொதிக்கும் பெட்ரோல் பொங்கி எஞ்சினுக்குள் வழிந்தால் பெட்ரோல் அதிகமாகி மூழ்கிப்போகும். அதே பெட்ரோல் ஆவியாகப் போய், அறையும் ஹோஸும் ஆவியால் நிறைந்தால் பெட்ரோல் இல்லாமல் பட்டினி. படகில் நிற்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் வைத்தியம் நேரெதிர். மூழ்கிய எஞ்சினுக்கு, பெட்ரோலைக் கூட்டும் சோக்கை இழுப்பது ஏற்கெனவே நனைந்தவனைக் கடலில் தள்ளுவது மாதிரி.

எனவே அடுத்த முறை மறுக்கும்போது ஐந்தாறு இழுப்போடு நிறுத்திவிட்டு இரண்டு பிளக்குகளையும் கழற்றிப் பாருங்கள். ஈரமா, காய்ந்திருக்கிறதா? ஈரம் என்றால் முகர்ந்தும் பாருங்கள். பெட்ரோல் வாசனை இல்லாமல் தண்ணீர்த் துளி நின்றால், அல்லது ஒரு பிளக் மட்டும் கழுவிவிட்டது போல வெளுத்திருந்தால், சிலிண்டர் தலைக்கு (ஹெட்) அடியிலுள்ள கேஸ்கட் வழியாகத் தண்ணீர் கசிகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அப்படி இருந்தால் மற்ற வேலைகளை விட்டுவிட்டு ஹெட்டைத் திறப்பதுதான் வழி. உப்புத்தண்ணீர் பேரிங்குக்குப் போனால் செலவு பெரிதாகிவிடும்.

இரண்டுமே பெட்ரோலில் நனைந்திருந்தால் டேங்கைப் பாருங்கள். நிறுத்தியதும் டேங்க் மூடியிலுள்ள காற்றுத் திருகை மூடும் பழக்கம் பலருக்கு உண்டு, அலைத்தண்ணீர் போகக்கூடாதென்று. மூடிய டேங்க் வெயிலில் கிடந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, பெட்ரோல் ஹோஸ் வழியாகத் தள்ளிக்கொண்டு வந்து பெட்ரோல் வரத்தை அடைக்கும் மிதவை ஊசியையும் மீறி கார்பரேட்டருக்குள் நிரம்பும். திருகை மூடத்தான் வேண்டும் என்றால் எஞ்சின் பக்கம் ஹோஸையும் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் திருகைத் திறந்தே வைத்து, டேங்கின் மேல் நனைந்த சாக்கைப் போடுங்கள். இதிலேயே பலருக்குத் தொல்லை தீர்ந்துவிடும்.

தீரவில்லையா, மிதவை ஊசியைச் சோதியுங்கள். எஞ்சின் நின்றிருக்கும்போது ஹோஸிலுள்ள ரப்பர் பம்பைக் கெட்டியாகும்வரை அமுக்கிவிட்டு ஐந்து நிமிடம் காத்திருங்கள். கார்பரேட்டர் வாயில் பெட்ரோல் சொட்டினால் ஊசியோ அதன் இருக்கையோ தேய்ந்திருக்கிறது, அல்லது மிதவை உயரம் தவறு. எதுவும் சொட்டாமல் ரப்பர் பம்பு மட்டும் தளர்ந்தால் அதன் வால்வு கசிந்து பெட்ரோல் டேங்குக்கே திரும்புகிறது என்று அர்த்தம். பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் கிழிந்திருந்தாலும் எஞ்சின் மூழ்கும். கிராங்க் கேஸ் அழுத்தத்தில் துடிக்கிற சவ்வு அது. ஊசிமுனை ஓட்டை போதும், பெட்ரோல் நேரே உள்ளே போய்விடும்.

ஆனால் உங்கள் எஞ்சினில் பிளக் காய்ந்துதான் இருக்கும் என்பது என் ஊகம். காரணம், நீங்கள் சொன்ன அந்த சோக் விஷயம். சோக்கைப் பாதி இழுத்தால் ஐடிலில் அணையாமல் ஓடுகிறது என்றால் எஞ்சின் அதுவரை பெட்ரோல் போதாமல் திணறுகிறது. வேகத்தில் குறையில்லாததால் மெயின் ஜெட்டும் பெட்ரோல் பம்பும் அநேகமாக நல்ல நிலையில்தான் இருக்கும். ஐடிலுக்குப் பெட்ரோல் தருவது தனி வழி: பைலட் ஜெட்டும், த்ராட்டில் தகட்டை ஒட்டியுள்ள நுண்ணிய துளைகளும். சூட்டில் சோக் இல்லாமல் ஸ்டார்ட் ஆவதற்கும் இதே வழிதான் தேவை. காலையில் சோக் இந்தக் குறையை மறைத்துவிடுகிறது. சூட்டில், அறையில் பெட்ரோலும் குறைந்திருக்கும்போது குறை வெளியே வந்துவிடுகிறது. ஆக, இரண்டு தொல்லையும் ஒரே கோளாறாக இருக்கலாம்.

கார்பரேட்டர் சுத்தம் என்று பட்டறையில் செய்வது பெரும்பாலும் அறையைக் கழுவி மெயின் ஜெட்டை ஊதுவதுதான். பைலட் ஜெட் சில மாடல்களில் ரப்பர் மூடிக்கு அடியில் ஒளிந்திருக்கும், அதைத் தொட்டே இருக்க மாட்டார்கள். துளையோ தலைமுடி கனம். அதில் உப்போ, காய்ந்த பெட்ரோல் பசையோ ஒட்டினால் போதும். கம்பியால் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், துளை வட்டமாகத் தெரிய வேண்டும்.

இன்னொரு கேள்வி. ஐடில் குலுக்கல் முதல் தடவை கார்பரேட்டரைக் கழற்றுவதற்கு முன்னாலேயே இருந்ததா, பிறகு கூடியதா? கூடியது என்றால் பழைய கேஸ்கட்டையே திரும்பப் போட்டிருப்பார்கள், அதன் ஓரத்தில் காற்று உறிஞ்சும். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது கார்பரேட்டர் இணைப்பில் எண்ணெயைத் துளித்துளியாக விடுங்கள். மேலே சுழலும் ஃப்ளைவீல் சக்கரத்தில் கை, துணி படாமல் கவனம். ஓட்டம் மாறினால் காற்று அங்கேதான் போகிறது. கார்பரேட்டர் வாயிலிருந்து பெட்ரோல் புகைபோல வெளியே துப்பினால் கார்பரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஒருவழிக் கதவாக இருக்கும் ரீட் வால்வின் இதழ் உடைந்திருக்கும் அல்லது மூடாமல் இருக்கும்.

எந்த சிலிண்டர் சோம்பேறி என்பதையும் கண்டுபிடியுங்கள். ஒரு சமயத்தில் ஒரு பிளக்கின் வயரை மட்டும் வேலை செய்யாமல் ஆக்கி ஐடிலில் ஓட்டுங்கள். வயரை அந்தரத்தில் விடாதீர்கள், பழைய பிளக்கைச் சொருகி எஞ்சின் உலோகத்தில் படவிடுங்கள். இல்லாவிட்டால் பொறியை இயக்கும் மின்பெட்டியான சிடிஐ போய்விடும். எந்த வயரை எடுத்தால் ஓட்டத்தில் மாற்றமே இல்லையோ அதுதான் நின்றுபோன சிலிண்டர். ஒரே கார்பரேட்டர் இரண்டுக்கும் தருகிறது என்பதால், ஒன்று மட்டும் பலவீனம் என்றால் கார்பரேட்டர் மேல் பழி இல்லை. ரீட், கிராங்க் தண்டின் முனையில் காற்றை அடைக்கும் கிராங்க் சீல், பொறிக்கு மின்சாரம் தரும் காயில், சிலிண்டருக்குள் அழுத்தம் (கம்ப்ரஷன்) இவற்றில் ஒன்று. கம்ப்ரஷன் கேஜ் போட்டால் இரண்டுக்கும் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. மேல் கிராங்க் சீல் கசிந்தால் மேல் சிலிண்டர் மட்டும் பெட்ரோல் குறைந்து ஓடும். அப்படியே வேகமாக ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

காயில் எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். சூட்டில் உள்ளே அறுந்து, ஆறினால் ஒட்டிக்கொள்ளும் காயில்கள் உண்டு. ஆனால் அவை பொதுவாக ஓடும்போதே மிஸ் அடிக்கும், உடனே இழுத்தாலும் மறுக்கும். உங்களுடையது அப்படியில்லை. ஆனாலும் மறுக்கும் அந்த நேரத்தில் ஒரு ஸ்பார்க் டெஸ்டரை மாட்டிப் பாருங்கள், கரையில் ஆறிய பிறகு பார்த்துப் பயனில்லை. பொறி பிளக் துளைக்குப் பக்கத்தில் வரவேண்டாம், பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். பிளக் புதுசு என்றீர்கள், நம்பரைச் சரிபார்த்தீர்களா? என்ஜிகே பிளக்கில் கடைசியில் 10 என்று இருந்தால் பொறி தாண்டும் இடைவெளி 1.0 மில்லிமீட்டர் என்று பொருள். கடைக்காரர் கையில் கிடைத்ததைக் கொடுத்திருக்கவும் கூடும்.

பெட்ரோலோடு மண்ணெண்ணெய் கலக்கிற வழக்கம் இருந்தால் அதை இந்தச் சோதனைகள் முடியும்வரை விட்டுவிடுங்கள். மண்ணெண்ணெய் எஞ்சின்களே பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, நிறுத்தும் முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டித்தான் நிறுத்த வேண்டியவை. பாதி ஆறிய எஞ்சினில் மண்ணெண்ணெய் பற்றாது.

அதுவரை கடலில் சமாளிக்க: நிறுத்துவதற்கு முன் இரண்டு நிமிடம் நியூட்ரலில் ஐடிலில் ஓட்டுங்கள், அணையப் பார்த்தால் த்ராட்டிலைக் கொஞ்சம் கூட்டி. நிறுத்தியதும் எஞ்சின் மூடியைத் திறந்து சூட்டை வெளியே விடுங்கள். திரும்ப ஸ்டார்ட் செய்யும்போது முதலில் ரப்பர் பம்பைத் தொட்டுப் பாருங்கள். தளர்ந்து, அமுக்கினால் பெட்ரோல் போகிறது என்றால் கெட்டியாகும்வரை அமுக்கி, சோக் இல்லாமல் இழுங்கள். எடுக்கவில்லை என்றால் ஒரே ஒரு இழுப்புக்கு மட்டும் சோக். பம்பு கெட்டியாகவே இருந்தால் அமுக்கவே வேண்டாம். ஹோஸைக் கழற்றி, நியூட்ரலில் த்ராட்டில் எவ்வளவு திறக்குமோ அவ்வளவு திறந்து, சோக்கை உள்ளே தள்ளிவிட்டு இழுங்கள்.

எல்லாம் சரியான பிறகுதான் ஐடில் திருகுக்குக் கை போக வேண்டும். பைலட் திருகை மெதுவாக உள்ளே முட்டும்வரை திருகி (இறுக்கினால் ஊசிமுனை கெட்டுவிடும்), கையேட்டில் சொன்ன சுற்று வெளியே எடுங்கள். பெரும்பாலும் ஒன்றரை சுற்று வாக்கில் இருக்கும். நுணுக்கமாக வைப்பதைக் கரையில் தண்ணீர்த் தொட்டியில் செய்யாதீர்கள். படகு கடலில் கட்டியிருக்க, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, கியர் போட்டு வையுங்கள்.