பத்து வருடம் திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியுமா?

கேள்வி: தங்கச்சிமடத்தில் 28 அடி ஃபைபர் படகு வைத்திருக்கிறேன். தினமும் நங்கூரம் இழுத்து முதுகு போய்விட்டது. நிரந்தரமாக ஒரு கான்கிரீட் கல் இறக்கி மிதவை போட நினைக்கிறேன். ஆழம் இரண்டு பாகம் (12 அடி), மணல் தரை. அரை டன் கல்லும் சங்கிலியும் சேர்த்து முடித்துத் தருவதாகவும், பத்து வருடம் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்றும் ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: கல் பத்து வருடம் என்ன, ஐம்பது வருடம்கூடக் கிடக்கும். அறுந்துபோவது சங்கிலியும், அதைப் பூட்டும் ஷாக்கிள் கொக்கியும்தான். அதைச் சொல்லாமல் வியாபாரம் பேசுகிறவரிடம் கல்லும் வாங்காதீர்கள்.

அரை டன் என்பது கரையில் உள்ள கணக்கு. கடலுக்குள் போனால் கான்கிரீட் எடையில் நாற்பது சதவீதத்துக்கு மேல் குறைந்துவிடும். 500 கிலோ கல் அடியில் 285 கிலோதான். மணலில் பக்கவாட்டு இழுப்புக்கு அதிலும் ஏறக்குறைய பாதிதான் ஈடு கொடுக்கும். வாடைக்காற்றில் உங்கள் படகு கல்லையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிடும். ஒரு டன்னுக்குக் குறையாமல் போடுங்கள். ஒரு மீட்டர் சதுரம், 42 சென்டிமீட்டர் உயரம் இருந்தால் அந்த எடை வரும். உயரமான கல் சாயும், தட்டையாகவே இருக்கட்டும்.

கல்லை உங்கள் கண்முன் வார்க்கச் சொல்லுங்கள். சங்கிலி மாட்டும் வளையத்தின் கால்கள் உள்ளே இருக்கும் கம்பிக்கூட்டுக்கு அடியில் சுற்றி வரவேண்டும். ஈரக் கான்கிரீட்டில் வளையத்தைக் குத்தி நிறுத்திவிட்டுக் காசு வாங்கிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். படகு கரை ஒதுங்கியபோது வளையமும் கூடவே வந்தது. வார்த்து 28 நாள் ஆகாமல் இறக்கவும் கூடாது.

சங்கிலி ஆழத்தைப் போல மூன்று மடங்கு, அதாவது 36 அடி வேண்டும். கீழ்ப்பாதி 20 மி.மீ., மேல்பாதி 12 மி.மீ., நடுவில் முறுக்கு விழாமல் இருக்க ஒரு சுவிவல். தார் பூசிப் பளபளக்கும் பழைய சங்கிலி மலிவாக வரும். தாரைச் சுரண்டிவிட்டுக் கண்ணிகள் உரசும் இடத்தை அளந்து பாருங்கள், விலை மலிவின் காரணம் தெரியும்.

ஷாக்கிளை மட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் போடச் சொல்வார்கள். வேண்டாம். துத்தநாகம் பூசிய சங்கிலியோடு அது சேர்ந்தால் உப்புத்தண்ணீரில் சங்கிலியைத் தின்றுவிடும். ஒரே ஒரு விதிவிலக்கு: மிதவைக்கு மேலே, இரண்டு பக்கமும் வெறும் கயிறு வரும் இடம். அங்கேயும் கயிற்றுக் கண்ணுக்குள் துத்தநாகம் பூசிய இரும்பு வளையம் இருந்தால் கூடாது. பிளாஸ்டிக் வளையம் என்றால் சரி. ஆனால் ஷாக்கிள் தொங்கி மிதவையின் இரும்புத் தண்டில் உரசுமானால், அப்போதும் கூடாது. இவ்வளவு யோசிக்க வேண்டியிருப்பதால்தான் வேண்டாம் என்கிறேன்.

வருடத்துக்கு ஒருமுறை, புரட்டாசி முடிவதற்குள், சங்கு குளிப்பவர் ஒருவரை இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். சங்கிலி தரையிலிருந்து எழும்பும் இடம்தான் முதலில் தேயும். 12 மி.மீ. கண்ணி 8 மி.மீ. ஆகிவிட்டால் பாதி பலம்கூட மிஞ்சாது. அதற்கு முன்பே மாற்றுங்கள். படகுக்கு வரும் நைலான் கயிறு அணியத்தில் (படகின் முன்முனையில்) உரசும் இடத்தில் பழைய ஹோஸ் குழாயைச் செருகிவிடுங்கள். மற்றதெல்லாம் சில்லறை வேலை.

அனுமதி? இன்னொரு ஊருக்காக மனுவோடு நான் அலைந்தபோது ஒரு அலுவலகம் அடுத்ததைக் கைகாட்டியது. அது முதல் அலுவலகத்துக்கே திருப்பி அனுப்பியது. படகு உடைந்தபிறகு அளக்க டேப்போடு வருவதில் மட்டும் தாமதமில்லை. மீன்வளத்துறைக்கு எழுதிக் கொடுத்து, முத்திரை வைத்த நகலை வைத்துக்கொள்ளுங்கள். "அனுமதி நான் வாங்கித் தருகிறேன்" என்பவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். தீவுகளின் பக்கம் மட்டும் கல் போட்டுவிடாதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா, அங்கே வனத்துறை.

அப்புறம், பாம்பனில் புயல் கூண்டு ஏறினால் ஒரு டன் கல் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். டிராக்டரைக் கூப்பிட்டுப் படகைக் கரையேற்றிவிடுங்கள்.