981 வந்தே ஆக வேண்டுமா?

கேள்வி: திண்டுக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் உதவிப் பேராசிரியையாக இருக்கிறேன். லேபில் மாணவர்கள் சீனியர்களின் ரெக்கார்டைப் பார்த்து ரீடிங் எழுதிவிடுகிறார்கள். கேட்டால், “சரியான விடை வந்தால்தானே மேடம் மார்க்?” என்கிறார்கள். இன்டர்னலில் குறைத்தேன். “ரிசல்ட் அடிபடும், கண்டுக்காம விடுங்க” என்கிறார் துறைத் தலைவர். என்ன செய்வது?

பதில்: அன்புத் தங்கைக்கு,

மாணவர்கள் சொன்னது உண்மை. நம் லேபுகள் பலவற்றில் விடைக்குத்தான் மார்க், வேலைக்கு இல்லை.

நூலில் தொங்கும் குண்டை ஆடவிட்டு, இருபது அலைவுகளுக்கான நேரத்தை அளந்து, புவியீர்ப்பு முடுக்கமான ‘ஜி’யைக் கண்டுபிடிக்கும் தனி ஊசல் சோதனையையே எடுத்துக்கொள்வோம். ஸ்டாப்வாட்சை அழுத்தும்போதே ‘ஒன்று’ என்று எண்ணத் தொடங்குகிறாள் ஒரு மாணவி. ‘இருபது’ என்று நிறுத்தும்போது 19 அலைவுகள்தான் முடிந்திருக்கும். அந்த நேரத்தை 20-ஆல் வகுத்தால் ‘ஜி’யின் மதிப்பு (செ.மீ./வி² அளவில்) 981-க்குப் பதிலாக 1087-க்குப் பக்கத்தில் போய் நிற்கும். அதை மறைக்காமல் எழுதிக்கொண்டு வருகிறவளிடம், “எங்கிருந்து எண்ண ஆரம்பிச்சே?” என்று கேளுங்கள். பிழையை அவளே பிடித்துவிடுவாள். பாடம் அந்த ஐந்து நிமிடத்தில்தான் இருக்கிறது. பார்த்து எழுதியவனுக்கு அது கிடைப்பதில்லை, ஆனால் முழு மார்க் அவனுக்கு! இது எனக்குப் பொறுக்கவில்லை.

ரீடிங் எடுத்த கையோடு அப்சர்வேஷன் நோட்டில் கையெழுத்துப் போடுங்கள். பேனாவில்தான் எழுத வேண்டும். தப்பென்றால் அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதட்டும். ஊசலின் நீளங்களை பேட்சுக்கு பேட்ச் மாற்றிக் கொடுத்தால் பழைய ரெக்கார்டு உதவாது. விடை தவறினாலும் காரணத்தைச் சரியாகச் சொன்னால் மார்க் உண்டு என்று பருவத் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுங்கள். இந்த முறை முன்கூட்டிச் சொல்லாமல் குறைத்திருந்தால், அது அவர்களுக்கு நியாயமில்லை. சோதனையை மறுபடி செய்ய ஒரு வாய்ப்புக் கொடுங்கள்.

துறைத் தலைவரிடமும் இதையே சொல்லலாம்: “திரும்பச் செய்ய வைத்து மார்க் போடுகிறேன் சார்.” அவருக்கு வேண்டியது ரிசல்ட், அது கெடாது. ஆனால் செய்யாத சோதனையைச் செய்ததாகக் கையெழுத்துப் போடச் சொன்னால் போடாதீர்கள். வேலை நிரந்தரமில்லாதவர்களுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

பிள்ளைகள் நம்மையும் கவனிக்கிறார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகள் பலவற்றில், ஒரே ஆசிரியரின் பெயர் ஒரே சமயத்தில் வெவ்வேறு கல்லூரிகளின் பட்டியலில் இருந்தது 2024-இல் வெளியே வந்தது. ஆசிரியர் பட்டியலிலேயே பொய் எழுதும் ஊரில், ‘ரீடிங்கை மட்டும் உள்ளபடி எழுது’ என்றால் எந்த மாணவன் கேட்பான்? அதனால் இன்ஸ்பெக்‌ஷன் சமயத்தில் உங்கள் முன்னால் நீட்டப்படும் தாள்களையும் படித்துப் பார்த்தே கையெழுத்திடுங்கள்.

முதலில் துறைத் தலைவரிடம் பேசுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். அடுத்து என்ன செய்யலாமென்று பார்ப்போம்.