கத்தோலிக்கப் பங்குகளில் (ஒரு கோவிலைச் சேர்ந்த சமூகங்களில்) மாற்றுத்திறனாளிகளுக்கு உண்மையான இடம் கிடைக்க என்ன செய்யலாம்?

என் தம்பிக்கு அறிவுசார் குறைபாடு உண்டு. அவனோடு ஞாயிறு திருப்பலிக்குப் போய்வரும் அக்காவாக இதை எழுதுகிறேன்.

இந்தக் கேள்வி வந்தாலே பேச்சு சக்கர நாற்காலிக்குச் சரிவுப்பாதை கட்டுவதற்குப் போய்விடும். அது வேண்டியதுதான். ஆனால் அந்தப் பாதை எங்கே முடிகிறது என்று கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் கோவில் வாசலோடு சரி. பீடத்துக்கும் வாசகமேடைக்கும் ஏறும் படிகள் அப்படியே இருக்கும். சக்கர நாற்காலியில் வருகிறவர் உள்ளே வரலாம், நற்கருணை (திருப்பலியில் கொடுக்கும் அப்பம்) வாங்கலாம். அவரே பைபிள் வாசகம் வாசிக்க வரக்கூடும் என்று கட்டியவர்களுக்குத் தோன்றவே இல்லை. முதலில் இந்த எண்ணம் மாற வேண்டும், சிமென்ட் வேலை அப்புறம்.

தம்பிக்குப் புதுநன்மை (முதல்முறை நற்கருணை) கொடுக்கும் பேச்சு வந்தபோது, "அவனுக்கு என்ன புரியும்?" என்று கேட்டே தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தார்கள். திருச்சபைச் சட்டம் என்ன சொல்கிறது என்று அப்போது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்றவர், சட்டம் தடுக்காதவர் யாராக இருந்தாலும் நற்கருணைக்கு அனுமதிக்க வேண்டும் என்கிறது 1983 சட்டத் தொகுப்பின் 912-ம் எண். உடலிலோ மனத்திலோ குறைபாடு உள்ளவர்களுக்கும் இயன்ற அளவு மறைக்கல்வி கிடைக்கச் செய்வது பங்குத்தந்தையின் கடமை என்கிறது 777. அன்றைய போப் 16-ம் பெனடிக்ட் 2007-ல் நற்கருணை பற்றி வெளியிட்ட ஏட்டில் இன்னும் தெளிவாகச் சொல்கிறார்: இவர்கள் தங்கள் குடும்பத்தின் விசுவாசத்திலும், உடன் நடக்கும் சமூகத்தின் விசுவாசத்திலும் நற்கருணை பெறுகிறார்கள். குறைபாடு உள்ளவர்களுக்கு அருட்சாதனங்களை (திருமுழுக்கு, நற்கருணை போன்ற திருச்சடங்குகளை) யாரும் மறுக்க முடியாது என்று 2020-ல் வந்த மறைக்கல்வி வழிகாட்டி ஏடும் எழுதிவிட்டது.

இதையெல்லாம் சண்டை போடுவதற்காகச் சொல்லவில்லை. மறுப்பவர்களில் பலர் பயத்தில்தான் மறுக்கிறார்கள். நற்கருணையைத் துப்பிவிட்டால், கீழே போட்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயம். அதற்கு எளிய வழி உண்டு. திருப்பலியில் இன்னும் அர்ச்சிக்கப்படாத வெறும் அப்பத்தை வாங்கி வந்து வீட்டில் பழக்கலாம். தம்பியை அப்படித்தான் பழக்கினோம். அப்பத்தை விழுங்கவே முடியாதவர்களுக்குத் தேவைப்பட்டால் திராட்சை இரசத்தின் வடிவில் மட்டும் கொடுக்கவும் 925-ல் இடமிருக்கிறது. கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் இது உதவும். குளூட்டன் குறைந்த அப்பம் செல்லும், அறவே இல்லாதது செல்லாது என்று 2017-ல் ரோம் மறுபடியும் நினைவூட்டியது.

காது கேளாதவர்களுக்கும் வழி இருக்கிறது. மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவது) செய்யலாம், அந்த இரகசியத்தைக் காக்கும் கடமை மொழிபெயர்ப்பாளருக்கும் உண்டு. திருமணச் சம்மதத்தைச் சைகையால் சொன்னாலும் செல்லும். இவ்வளவு இருந்தும், சைகை மொழி தெரிந்த ஒருவரைத் தேட வேண்டும் என்று எத்தனை பங்குப்பேரவைகள் (பங்குத்தந்தைக்கு ஆலோசனை சொல்லும் குழுக்கள்) நினைத்திருக்கும்?

எனக்கு ஒட்டாத வழக்கம் ஒன்று உண்டு. வருடத்துக்கு ஒருமுறை, பிப்ரவரி 11 உலக நோயாளர் நாளை ஒட்டி, நோயாளிகளையும் மாற்றுத்திறனாளிகளையும் ஒன்றாக முன்வரிசையில் உட்காரவைத்து எல்லோருக்கும் நோயில்பூசுதல் (எண்ணெய் பூசி ஜெபிக்கும் அருட்சாதனம்) கொடுத்துவிடுவது. அந்த அருட்சாதனம் நோயாலோ முதுமையாலோ ஆபத்தைத் தொடுகிறவர்களுக்கானது. என் தம்பி நோயாளி இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறான், என்னைவிட வேகமாக நடக்கிறான். அப்புறம், கேட்காமலே தலையில் கைவைத்துக் குணமாக ஜெபிக்கிறவர்கள், "எந்தத் தலைமுறைப் பாவமோ" என்று முணுமுணுக்கிறவர்கள். அவர்கள் யோவான் 9-ம் அதிகாரத்தை ஒருமுறை திறந்து படிக்கலாம். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைப் பற்றி, யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டதற்கு, அவர் செய்ததும் இல்லை, பெற்றோர் செய்ததும் இல்லை என்று இயேசு சொன்னது அங்கேயே இருக்கிறது.

பொறுப்பு கொடுங்கள் என்பதுதான் நான் கேட்பது. தம்பி இப்போது திருப்பலிக்கு முன் பாட்டுப் புத்தகம் கொடுக்கிறான். சிலருக்கு இரண்டு கிடைத்துவிடும், பரவாயில்லை. அவன் வராத ஞாயிறன்று நாலுபேர் விசாரிக்கிறார்கள், முன்பெல்லாம் அது கிடையாது. பெரிய பொறுப்பும் முடியாத காரியமல்ல. தென்னாப்பிரிக்காவில் பிறந்த சிரில் ஆக்சல்ராட் பிறவியிலேயே காது கேளாதவர், 1970-ல் குருவானார். பின்னாளில் பார்வையும் போனது, அவருடைய பணி நிற்கவில்லை. சில உடற்குறைகளைக் குருத்துவத்துக்குத் தடையாக எழுதிவைத்திருந்த 1917-ம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு நடப்பில் இருந்த காலம் அது. இப்போதைய தொகுப்பில் அந்தப் பகுதியே இல்லை.

"எங்கள் பங்கில் அப்படி யாரும் இல்லையே" என்று சிலர் சொல்வார்கள். திருமுழுக்குப் பதிவேட்டை எடுத்துவைத்துக்கொண்டு, இவர்களில் யாரைக் கோவிலில் பார்த்தே பல வருடம் ஆகிறது என்று தேடச் சொல்லுங்கள். அந்த வீடுகளுக்குப் போகும்போது உதவிப் பொருள் எதுவும் எடுத்துப்போக வேண்டாம். ஏன் வருவதை நிறுத்தினீர்கள் என்று கேட்டு, அவர்கள் சொல்வதை எழுதிக்கொண்டு வந்து அடுத்த பங்குப்பேரவைக் கூட்டத்தில் வாசிக்கட்டும். முடிந்தால் அவர்களில் ஒருவரையே அழைத்துவந்து பேசவிடட்டும்.