வெடிப்புக்கு ஈசல் இல்லை

கேள்வி: பொருட்கள் தாமாகவே ஒழுங்கமையக் கூடியவை என்றால், உயிர்களின் கூர்ப்பை விளக்க இயற்கைத் தேர்வு எதற்கு?

கேட்டவர் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறவராகவோ, ஏதோ ஒரு காணொளியைப் பார்த்துக் குழம்பியவராகவோ இருக்க வேண்டும். கிளிநொச்சி மாவட்டத்தில் உயிரியல் கற்பித்து ஓய்வுபெற்ற எனக்கு இதே கேள்வி ஒருமுறை வகுப்பில் வந்தது. அன்று நான் சொன்ன பதில் பிழையானது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஓர் ஆவணி மாதம், பாடசாலைக்குப் பின்னாலிருந்த சிறுகுளம் முழுவதும் வற்றிப்போயிருந்தபோது, மாணவர்களை அதன் அடித்தரைக்கு அழைத்துச் சென்றேன். சேறு காய்ந்து, ஓடு பரப்பியதுபோலத் துண்டு துண்டாக வெடித்திருந்தது. யாரும் கோடு கீறவில்லை. மேற்சேறு காயக் காயச் சுருங்குகிறது. அடியிலுள்ள ஈரமண் அதை விடாமல் பிடித்துக்கொள்கிறது. இழுவை தாங்காத இடத்தில் வெடிப்பு ஓடுகிறது. பிந்தி வரும் வெடிப்பு முந்தியதைப் பெரும்பாலும் செங்குத்தாகவே சந்திக்கிறது, ஏனெனில் முந்தியது தன் இரு கரைகளிலும் இருந்த இழுவையை ஏற்கெனவே தளர்த்திவிட்டது. தன்னொழுங்கமைவு என்றால் இதுதான் என்று விளக்கிவிட்டு, குளக்கட்டிலிருந்த கறையான் புற்றையும் காட்டினேன்.

மாணவன் ஒருவன் கேட்டான்: "சேர், சேறு தானாகவே இப்படி வருமெண்டால் புற்றும் தானாகத்தானே வரும்? பிறகு ஏன் இயற்கைத் தேர்வு?"

"சேறு உயிரற்றது, கறையான் உயிருள்ளது" என்று சொல்லி முடித்துவிட்டேன். உயிர் எப்படி உண்டாகிப் பெருகியது என்பதே கேள்வியாக இருக்கும்போது, உயிர் உள்ளதால்தான் என்பது பதிலாகாது. அடுத்த ஆண்டு அவன் ஒரு கொப்பியோடு வந்தான். முதலாண்டு வெடிப்புகளை வரைந்து வைத்திருந்தவன், மழைக்குப் பிறகு குளம் மீண்டும் வற்றியபோது அதே இடத்தை மறுபடியும் வரைந்திருந்தான். பல வெடிப்புகள் பழைய தடத்திலேயே திறந்திருந்தன. சில சந்திகள் செங்கோணத்தை விட்டு, மூன்று கிளைகளும் ஏறத்தாழச் சமமாக விரியும் வடிவத்துக்கு நகர்ந்திருந்தன. "சேறும் ஞாபகம் வைச்சிருக்குது, சேர்" என்றான். பாடத்திட்டத்தில் இல்லாத கேள்வி என்று சொல்லி அனுப்பினேன். (நுணுக்குக்காட்டி கேட்டு ஆண்டுக்கணக்காகக் கடிதம் எழுதி, கடைசியில் ஆடியில்லாத ஒன்றைப் பெற்றுக்கொண்ட ஆசிரியனுக்கு அந்த வாசகம் இலகுவாக வாயில் வந்துவிடும். அதை நான் நியாயப்படுத்தவில்லை.)

அவன் கண்டது உண்மைதான். சேறு நனைந்து காய்வது திரும்பத் திரும்ப நிகழும்போது அப்படியே நடக்கிறது. ஆனால் தடம் பதிந்திருப்பது வேறு, பிரதி எடுப்பது வேறு. ஒரு வெடிப்பு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் பக்கத்துக் குளத்தில் தன்னைப்போல் இன்னொரு வெடிப்பைப் பெறுவதில்லை. புற்றின் கதை அப்படியல்ல. முதல் மழைக்குப் பின் அதிலிருந்து ஈசல் கிளம்புகிறது. கோடியில் ஒன்றிரண்டு எங்கோ இறங்கி, சிறகுதிர்த்து, புதிய புற்றைத் தொடங்குகிறது. வெடிப்புக்கு ஈசல் இல்லை. அன்று சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்.

புற்று கட்டப்படும் முறையில் தன்னொழுங்கமைவு இல்லையென்று நான் சொல்லவில்லை. 1959இல் பிரெஞ்சு விலங்கியலாளர் பியர் போல் கிராஸே விளக்கியபடி, அங்கே மேற்பார்வையாளர் எவரும் கிடையாது. ஒரு கறையான் வைத்த மண்ணுருண்டையே அடுத்த கறையானை அங்கே இன்னோர் உருண்டை வைக்கத் தூண்டுகிறது. ஆனால் எதற்குத் தூண்டப்படுவது, எவ்வளவு தூண்டப்படுவது என்ற இயல்பு பரம்பரையாக வருகிறது. வெள்ளத்திலோ வெயிலிலோ அழிந்த புற்று ஈசலை அனுப்பாது. நிலைத்த புற்று அனுப்பும். ஆகவே தேர்வு புற்றைக் கட்டுவதில்லை. புற்றைக் கட்டவைக்கும் அந்த இயல்புகளில் எவை அடுத்த தலைமுறைக்குப் போகும் என்பதையே அது தீர்மானிக்கிறது.

இப்படித் தேர்வு நடக்க உயிரணுகூடத் தேவையில்லை. 1967இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் உயிரியலாளர் ஸ்பீகல்மனின் குழு, பற்றீரியாவைத் தாக்கும் ஒரு வைரசின் ஆர்.என்.ஏ.யை (அதன் பரம்பரைத் தகவலைத் தாங்கும் இழையை) அதைப் பிரதியெடுக்கும் நொதியத்தோடு குழாயிலிட்டு, சிறிதளவை எடுத்து அடுத்த குழாய்க்கு மாற்றிக்கொண்டே போனது. விரைவாகப் பிரதியாகும் இழைகளே ஒவ்வொரு மாற்றத்திலும் மிஞ்சின. 74ஆவது மாற்றத்தில் இழை தன் மூலநீளத்தில் 83 வீதத்தை இழந்திருந்தது. பிரதி, பிரதியில் சிறு பிழை, பிழைக்கேற்பப் பெருக்கத்தில் வேறுபாடு: இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் தேர்வு தொடங்கிவிடும்.

தன்னொழுங்கமைவை ஆராய்ந்த அமெரிக்க உயிரியலாளர் ஸ்டுவர்ட் காஃப்மன் போன்றோரை எடுத்துக்காட்டி, இயற்கைத் தேர்வை முன்வைத்த டார்வின் தோற்றார் என்று எழுத வருகிறவர்கள் கவனிக்க: தன்னொழுங்கமைவு தரும் ஒழுங்கின் மேல் தேர்வு செயற்படுகிறது என்பதே அவரது வாதம். புற்றைப் பற்றிப் பேசி, புற்றில் உறைவதாக வணங்கப்படும் நாகதம்பிரானை அவமதிக்கிறேன் என்று கோபிப்பவர்களுக்கும் ஒன்று சொல்லிவைக்கிறேன்: புதூர் நாகதம்பிரான் கோயிலுக்குப் பொங்கலுக்குப் போகிறவன்தான் நானும்.

அந்த மாணவன் இப்போது கமம் செய்கிறான். போன மாரியில் அவனுடைய வயலுக்குப் போய் இந்தப் பதிலைச் சொன்னேன். அவன் சிரித்துக்கொண்டு, நெற்பயிருக்குள்ளிருந்து ஒரு புல்லைப் பிடுங்கி, இலை தண்டைப் பிரியும் இடத்தை நகத்தால் விலக்கிக் காட்டினான். நெல்லில் அவ்விடத்தில் மெல்லிய வெண்சவ்வொன்று நாக்குப்போல நிற்கும். அந்தப் புல்லில் அது இல்லை. மற்றபடி நிறமும் நிமிர்வும் நெல்லேதான். தலைமுறை தலைமுறையாகக் கையால் களை பிடுங்கியவர்களின் கண்ணுக்குத் தப்பிய புல்லே விதை சிந்தியது. நின்று குனிந்து பிடுங்குகிறவரின் கண்ணுக்கு அந்தச் சவ்வு தெரியாது. ஆகவே அதில் நெல்லை ஒத்திருக்கவேண்டிய நெருக்கடி புல்லுக்கு வரவேயில்லை என்று அவன்தான் எனக்கு விளக்கினான்.