ஈயப் பட்டை ஜன்னலுக்கு ஆசிட் வேண்டாம், புளியும் வேண்டாம்

கேள்வி: நாகப்பட்டினம் அருகே எங்கள் பங்குக் கோயிலில், பீடத்துக்குப் பின்னால் ஈயப் பட்டையில் கோத்த மூன்று வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் இருக்கின்றன. மெழுகுவர்த்திப் புகையும் உப்புக் காற்றும் படிந்து மங்கிவிட்டன. கொடியேற்றத்துக்கு இன்னும் ஐந்து வாரம். ஆசிட் போட்டுக் கழுவினால் ஒரே நாளில் பளிச்சென்று ஆகிவிடும் என்கிறார் வெள்ளையடிக்க வந்தவர். செய்யலாமா?
– பங்குப் பேரவை உறுப்பினர்

பதில்: கூடாது. அந்தப் பக்கமே போக வேண்டாம் என்று அவரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். ஈயப் பட்டைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் பட்டி அடைத்திருப்பார்கள். சுண்ணாம்புக்கல் மாவையும் ஆளிவிதை எண்ணெயையும் குழைத்துச் செய்தது அது. ஆசிட் பட்டால் அந்த மாவு நுரைத்துக் கரைந்துபோகும். இப்போது பளிச்சென்று தெரியும் ஜன்னல் ஐப்பசி மழையில் ஒழுகும்.

குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் தேய்த்துப் பழகிய கை சும்மா இருக்காது. புளி, எலுமிச்சை, வினிகர் எல்லாமே ஈயத்தை அரிப்பவை. சாம்பலும் பாத்திரம் துலக்கும் பவுடரும் கண்ணாடியில் கீறல் போடும். ஈயம் கறுத்திருப்பதை அழுக்கென்று எண்ணிச் சுரண்டாதீர்கள். அந்தக் கருஞ்சாம்பல் படலம்தான் அதற்குப் பாதுகாப்பு. எங்காவது வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால் அது நஞ்சு. துடைப்பத்தால் தட்டிப் பறக்கவிடக் கூடாது. இந்த வேலைக்குக் கையுறை கட்டாயம். பிள்ளைகளை அருகில் விட வேண்டாம். கை கழுவாமல் டீ டம்ளரைக்கூடத் தொடாதீர்கள்.

துடைக்கும் முறை எளிது. முதலில் மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். பிறகு பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் பஞ்சை நனைத்து, நன்றாகப் பிழிந்து, ஒவ்வொரு கண்ணாடித் துண்டின் மேலும் அழுத்தாமல் உருட்டி எடுங்கள். பஞ்சு கறுத்ததும் எறிந்துவிட்டு வேறு எடுங்கள். கடலோர போர்வெல் தண்ணீர் காய்ந்தால் உப்புத்தான் மிஞ்சும், அது வேண்டாம். ஹோஸ் பைப்பும் ஸ்ப்ரேயும் வேண்டாம். ஜன்னல் வயிறு தள்ளியிருந்தாலோ, மெல்லத் தட்டும்போது கண்ணாடி கடகடவென்று ஆடினாலோ கையை எடுத்துவிடுங்கள். அது துடைத்துத் தீரும் கோளாறு இல்லை.

இனி நான் சொல்லப்போவதை உபதேசியாருக்கும் இளைஞர் குழுவுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். மேலே சொன்ன ஈரப் பஞ்சு, வெறும் நிறக் கண்ணாடிக்கு மட்டும். சிவப்பும் நீலமும் கண்ணாடிக்குள்ளேயே ஊறிய நிறம், போகாது. ஆனால் புனிதரின் முகம், விரல்கள், அங்கியின் மடிப்பு, அடியில் உள்ள எழுத்து எல்லாம் கண்ணாடியின் மேல் தீட்டிச் சூளையில் சுட்டவை. பெரும்பாலும் உட்புறத்தில்தான், அதாவது நீங்கள் துடைக்கப் போகும் பக்கத்தில்தான் தீட்டியிருப்பார்கள். சூடு போதாமல் சுட்ட வண்ணம் ஈரம் பட்டாலே உதிரும். டெல்டாவில் ஒரு கோயிலில், நல்ல மனதோடு சோப்புத் தண்ணீர் போட்டுத் துடைத்திருந்தார்கள். நான் போய்ப் பார்த்தபோது மாதாவின் இடது கண் இமையும் கன்னத்து நிழலும் துணியோடு போயிருந்தன. அதை யாராலும் மீட்க முடியாது. எனவே மாலையில் ஒரு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துக் கண்ணாடியின் மேல் சாய்வாக ஒளி விழச் செய்யுங்கள். மங்கலாக, சற்றே மேடாகத் தெரியும் கோடெல்லாம் தீட்டியது. அங்கே தண்ணீரும் வேண்டாம், விரலும் வேண்டாம். முகம் மங்கலாகவே இருக்கட்டும்.

அடுத்து இடைத்தரகர்கள். "ஈயம் போச்சு, மொத்தமாக மாற்றணும்" என்று ஒருவர் வருவார். நல்ல ஈயம் நூறு வருடம் தாங்கும். பழைய கண்ணாடியைக் கழற்றிப் பழம்பொருள் கடையில் விற்றுவிட்டு, உங்களுக்கு ஸ்டிக்கர் ஒட்டிய கண்ணாடியை மாட்டுவதுதான் அவர் கணக்கு. ஒவ்வொரு பலகத்தையும் இப்போதே படம் எடுத்து எண் போட்டு வையுங்கள். இன்னொருவர் சிலிக்கான் அடைப்பார். டியூபைத் திறந்ததும் வினிகர் நெடி அடித்தால் அதைத் திருப்பி அனுப்புங்கள், அந்த ஆவியே ஈயத்தை வெள்ளைப் பொடியாக்கும். வெளியே பிளாஸ்டிக் தகடு போட்டுக் காற்றுப் புகாமல் மூடுகிறவரையும் நம்பாதீர்கள், நம் ஊர்ப் புழுக்கத்தில் உள்ளே வியர்த்து ஊறும்.

மதிப்பீடு போடும்போது இந்த ஜன்னல்களையும் வெள்ளையடிப்போடு சேர்த்துச் சதுர அடிக் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். குறைந்த தொகை கேட்டவருக்கு வேலை போகிறது, அவர் ஆசிட் கேனோடு வருகிறார். எத்தனை பங்குகளில் சொல்லி அலுத்துவிட்டேன்! தனித் தலைப்பில் எழுதச் சொல்லிப் பங்குத்தந்தையிடம் கேளுங்கள்.

ஐந்து வாரம் போதும். இரண்டு பேர், நாளுக்கு இரண்டு மணி நேரம், கீழ் வரிசையின் நிறக் கண்ணாடிகளிலிருந்து தொடங்குங்கள். மெழுகுவர்த்தித் தட்டை ஜன்னலிலிருந்து தள்ளி வையுங்கள். வெள்ளையடிக்கும் முன் மூன்று ஜன்னல்களுக்கும் பாலித்தீன் விரிப்பு தொங்கவிட்டு, வேலை முடிந்த அன்றே கழற்றிவிடுங்கள்.