டிஸ்சார்ஜ் தாமதம்: கூடுதல் வாடகையை யார் கட்டுவது?

கேள்வி: என் அப்பாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்தது. காலை 10 மணிக்கே வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காப்பீட்டு ஒப்புதல் இரவு 9 மணிக்குத்தான் வந்தது. இன்னொரு நாள் அறை வாடகை என்று ரூ.6,500 எங்களிடம் வாங்கிக்கொண்டார்கள். திரும்பக் கிடைக்குமா?

பதில்: கிடைக்க வழி இருக்கிறது. யாரிடம் கேட்பது என்பதுதான் சிக்கல். மருத்துவமனை இறுதி பில்லை எத்தனை மணிக்கு அனுப்பியது? முதலில் அதைக் கண்டுபிடியுங்கள்.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 மே மாதம் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, மருத்துவமனையிடமிருந்து இறுதி பில்லுடன் டிஸ்சார்ஜ் கோரிக்கை வந்த 3 மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனம் இறுதி ஒப்புதல் தர வேண்டும். தாண்டினால், மருத்துவமனை கூடுதலாக வாங்கும் தொகை நிறுவனத்தின் பொறுப்பு. அதையும் பாலிசிதாரர்களின் பணத்திலிருந்து அல்ல, நிறுவனத்தின் பங்குதாரர் நிதியிலிருந்துதான் கொடுக்க வேண்டும்.

ஆனால் அந்த 3 மணி நேரம் டாக்டர் சொன்ன 10 மணியிலிருந்து ஓடாது. மீதி மருந்தைத் திருப்பிக் கொடுத்து, டிஸ்சார்ஜ் சம்மரி தயாராகி, பில் போய்ச் சேருவதற்குள் மதியம் தாண்டிவிடும். என்னிடம் வருகிறவர்களில் பலர் இந்த இடைவெளியைக் கவனிப்பதே இல்லை. கோபம் முழுவதும் இன்சூரன்ஸ் மேல்தான் போகிறது. கோரிக்கை வந்து சேர்ந்த நேரத்தை மருத்துவமனையின் இன்சூரன்ஸ் பிரிவிலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்தில் கேளுங்கள்.

பில் 2 மணிக்குப் போயிருந்தால் 5 மணிக்கு மேல் ஆன தாமதம் நிறுவனத்துடையது. அதன் குறைதீர்ப்பு அதிகாரிக்கு ரசீதுடன் மின்னஞ்சல் அனுப்புங்கள். ஒரு மாதத்தில் சரியான பதில் வராவிட்டால், அடுத்த ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம், அதாவது ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

7 மணிக்குத்தான் அனுப்பினார்கள் என்றால் நிறுவனத்தைக் குறை சொல்ல முடியாது. அது மருத்துவமனையின் சேவைக் குறைபாடு. ஆம்பட்ஸ்மேன் மருத்துவமனை மீதான புகாரை விசாரிக்க மாட்டார். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். ஆபரேஷன் முடிந்த பெரியவரைப் பகல் முழுக்கக் காக்க வைத்தது சின்ன விஷயமே இல்லை. மன உளைச்சலுக்கும் சேர்த்தே இழப்பீடு கேளுங்கள்.

நேர விவரம் கேட்கும் கடிதத்தை மட்டும் இந்த வாரமே அனுப்பிவிடுங்கள். நாளாக நாளாகப் பழைய பதிவைத் தேடித் தர இழுத்தடிப்பார்கள்.