ஆலைப் புகையே இல்லாத கடலோரக் காற்றின் தூசியில் என்ன கனிமங்கள் இருக்கும்? எப்படிப் பிரித்தறிவது?

கரீபியன் தீவான பார்படாஸை எடுத்துக்கொள்வோம். 1965 முதல் அங்கே தூசி அளக்கிறார்கள். கிழக்குக் கரையில் அட்லாண்டிக்கிலிருந்து நேரே வீசும் காற்றில், கோடையில் சகாராத் தூசி ஏறக்குறைய ஒரு வாரம் பயணித்து வந்து சேரும். பெரிய மணல் துகள்கள் வழியிலேயே விழுந்துவிடும். மிஞ்சுவது பெரும்பாலும் களிமண் கனிமங்களான இல்லைட்டும் கேயோலினைட்டும். கூடவே குவார்ட்ஸ், கொஞ்சம் ஃபெல்ட்ஸ்பார், கால்சைட். காற்றை உறிஞ்சித் தூசியைப் பிடிக்கும் வடிதாளில் தெரியும் செம்பழுப்புக்குக் காரணம் ஹேமடைட், கோதைட் என்ற இரும்பு ஆக்சைடுகள். எடையில் சிறுபங்குதான், நிறத்தில் ராஜா.

கண்டறிய எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுச் சோதனைதான் முக்கிய வழி. படிகத்தில் பட்டுச் சிதறும் கதிர், ஒவ்வொரு கனிமத்துக்கும் உரிய இடங்களில் உச்சங்களாகத் தெரியும். இதில் பலர் சறுக்குவது குவார்ட்ஸில். அதன் பெரிய உச்சம் 3.34 ஆங்ஸ்ட்ராமில் வரும் (படிக அடுக்குகளின் இடைவெளி அது; ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு). இல்லைட்டின் உச்சமும் அதே இடத்தில் ஏறி உட்காரும். அதை வைத்துக் கணக்கிட்டால் குவார்ட்ஸ் கூடுதலாகக் காட்டும். 4.26 உச்சத்தைப் பாருங்கள். கேயோலினைட்டும் குளோரைட் என்ற இன்னொரு களிமண் கனிமமும் 7 ஆங்ஸ்ட்ராம் அருகே ஒன்றாகக் கலந்துவிடும்; முறையே அவற்றின் 3.58, 3.54 உச்சங்களைப் பிரித்துப் பார்த்தால் எது எது என்று தெரியும்.

கண்ணாடி இழை வடிதாள் வேண்டாம், அதுவே பின்னணியில் அகன்ற மேட்டை எழுப்பும். செல்லுலோஸ் தாளை 500 டிகிரி செல்சியஸில் எரித்தால் தூசியின் எடை கிடைக்கும், ஆனால் கேயோலினைட்டின் படிக அமைப்பு குலைந்துவிடும். கனிமச் சோதனைக்கு எரிக்காத துண்டு ஒன்றை முன்பே வெட்டி வையுங்கள். கடலுப்பை அயனி நீக்கிய நீரில் கழுவலாம். ஜிப்சமும் கொஞ்சம் கரையும். அமிலம் பட்டால் கால்சைட் போயே போச்சு.